தலைக்கு வந்தது

ஊரின் பெயர் வாவா.
உபசாரம் பெயரில் மட்டும்;
வந்தவனைப் போகவிடாத ஊர்.
பதினேழாம் நெடுஞ்சாலையை
இரண்டு நாளாக மூடி வைத்திருந்தார்கள்.
லொறி நிறைய சஸ்கச்சுவான் மைசூர்ப் பருப்பு,
நாங்கள் விடுதி அறையில்
வெந்நீர் ஊற்றிய நூடில்ஸ்.

டீசல் பம்படியில், கண்ணாடியாய் உறைந்த தரையில்
ஜக்ரூப் மல்லாக்க விழுந்தான்.
வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு.
மண்டைக்கு ஒன்றுமில்லை. ஏழு சுற்றுத் துணி
வாங்கவேண்டியதை வாங்கிக்கொண்டது.
'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு'
வாயில் வந்துவிட்டது எனக்கு.
என்ன சொன்னாய் என்றான்.
தெரிந்த இங்கிலீசில் பிரித்துச் சொன்னேன்.
சிரிக்கவில்லை.
பிளாஸ்டர் காயும்வரை யோசித்திருந்து
'உங்கள் ஊரில் கணக்குத் தலைகீழ்' என்றான்.
திரும்பி வந்தது ஜாக்கெட் தொப்பியை
மூக்குவரை இழுத்துக்கொண்டு.

மூன்றாம் நாள் விடிய, பனி வழிக்கிற வண்டியின் சத்தம்.
பத்து மணிக்கு றோட்டுத் திறக்கும்.
எழும்பிப் பார்த்தால்
கட்டில் விளிம்பில் இருக்கிறான், முடி இடுப்புவரை,
இடது கையில் சிறு மரச்சீப்பு
பாதி வழியில் நிற்கிறது.
நாலு வருடம் ஒரே லொறியில் ஓடுகிறோம்.
அவன் குறட்டை தெரியும், கடன் தெரியும்.
இது தெரியாது.
கேட்கவில்லை அவன்.
துணியின் ஒரு நுனியை என் பக்கம் நீட்டினான்.

முதலில் முடி.
என் தலையில் சீப்புப் பட்டுப் பதினொரு வருடம்;
சிக்கை எங்கே தொடங்கி எடுப்பதென்பதே மறந்துபோச்சு.
நுனியிலிருந்து, என்றான்.
கொண்டை மூன்று தரம் அவிழ்ந்தது.

பிறகு துணி. மயில்கழுத்து நிறம், ஐந்தரை மீட்டர்.
அறை போதவில்லை.
அவன் யன்னலடியில்,
நான் குளியல் தொட்டிக்குள், சப்பாத்தோடு.
மூலைக்கு மூலை இழுத்து
நீளவாக்கில் மடித்து மடித்து வருவது,
அவர்கள் பாஷையில் பூணி.
நாலு கை வேண்டிய வேலை, எங்களிடம் மூன்று.
நாலாவதுக்கு அவன் பல்.
'பிரம்டனில் ஆர் பிடிக்கிறது?'
பல்லை எடுத்துச் சொன்னான்:
'கதவுக் குமிழ்.'
தனியாக இருக்கிறான் என்று தெரியும்;
அந்தக் குமிழைத்தான் தெரியாது.

சுற்றத் தொடங்கினாலும்
நுனியைக் கடித்தபடி இருக்கவேண்டுமாம்.
ஆகவே பாடம் முழுக்கப் புருவத்தால்.
ஒரு புருவம் ஏறினால், இன்னும் மேலே.
இரண்டும் ஏறினால், மடையா, அது காது.
முதல் தரம் பல்வலிக்காரன் கட்டு.
இரண்டாம் தரம் சந்தைக்குப் போகிற மூட்டை.
மூன்றாம் தரம், எப்படியென்று தெரியாது,
ஒவ்வொரு சுற்றும் முந்தினதற்கு ஒரு விரல் விட்டு ஏறியது,
நெற்றிக்கு ஓடு வேய்ந்ததுபோல.
கடைசித் தலைப்பைப் பின்னால் செருகும்போது
கை நடுங்கியது.
குளிர் என்றேன்.
ஹீட்டர் இருபத்தாறில் இருந்தது.

லொறியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தான்.
ஒரு மடிப்பை மட்டும் இடது பெருவிரலால் நீவினான்.
ஏறி இருந்தான். எடு, என்றான்.

சூ செயின்ட் மரியில், எடைமேடைக்குப் பக்கத்தில்
இன்னொரு சிங், கசங்காத ஆரஞ்சுக் கட்டு,
நெடுநேரம் பார்த்தான்.
பஞ்சாபியில் ஏதோ கேட்டான்.
திரும்பக் கட்டிவிடவா என்பதாக இருக்கவேண்டும்,
கைகள் ஏற்கெனவே நீண்டிருந்தன.
ஜக்ரூப் பிளாஸ்டர் கையால் என்னைக் காட்டினான்.
இரண்டுபேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.
கட்டு அப்படியே இருந்தது.

சட்பரி தாண்டும்போது
இடப்பக்கம் சரியத் தொடங்கியது,
பாரம் பிழையாக ஏற்றின லொறி
வளைவில் சரிவதுபோல.
நான் சொல்லவில்லை.
ஏற்றத்தில் கியர் கறகறத்தது.
வழக்கமாக அதற்கொரு வசவு உண்டு.
அவனும் சொல்லவில்லை.